ஓட்டப் பந்தயக் கணக்கு: எட்டாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

என்.எம்.எம்.எஸ். என்ற கல்வி உதவித்தொகைத் தேர்வுக்காக எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது ஓட்டப் பந்தயக் கணக்குகளைப் போட்டுப் பழகுகிறார்கள். வீட்டில் உங்களிடம் சந்தேகம் கேட்டால், சூத்திரத்தைச் சொல்லி விடையை வரவழைத்துவிடாதீர்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

100 மீட்டர் ஓட்டத்தில் கவின் மதியை 10 மீட்டரில் வெல்கிறான். அதே தூரத்தில் மதி நிலாவை 10 மீட்டரில் வெல்கிறாள். கவின் நிலாவை எத்தனை மீட்டரில் வெல்வான்? சட்டென்று 20 என்றுதான் சொல்லத் தோன்றும். விடை 19. கவின் 100 ஓடும் நேரத்தில் மதி 90 ஓடுகிறாள். மதி 90 ஓடும் நேரத்தில் நிலா 81தான் ஓடுவாள். மீட்டரைக் கூட்டக் கூடாது, விகிதத்தைப் பெருக்க வேண்டும்.

சரி, கவினை மதிக்கு 10 மீட்டர் பின்னால் நிறுத்தி ஓடவிட்டால் இருவரும் சேர்ந்து முடிப்பார்களா? மாட்டார்கள். கவின் 100 ஓடியதும் மதி 90 ஓடியிருப்பாள். இருவரும் எல்லைக் கோட்டுக்கு 10 மீட்டர் முன்னால் அக்கம்பக்கமாக இருப்பார்கள். மிச்சம் 10 மீட்டரிலும் வேகமானவன் கவின்தானே? அவன் 10 ஓட, அவள் 9. ஒரு மீட்டரில் ஜெயித்துவிடுவான். பேனாவைத் தொடாமலே இதைச் சொல்லும் பிள்ளைக்குக் கணக்கு புரிந்துவிட்டது. எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது.

நேரம் சமமானால் தூரங்களின் விகிதமே வேகங்களின் விகிதம். தூரம் சமமானால் நேரங்களின் விகிதத்தைத் தலைகீழாக்க வேண்டும். 2009 பெர்லின் உலகத் தடகளப் போட்டியில் 100 மீட்டரை உசேன் போல்ட் 9.58 விநாடியிலும் டைசன் கே 9.71 விநாடியிலும் ஓடினார்கள். வேக விகிதம் 971:958. சராசரி வேகத்தை வைத்துப் பார்த்தால், போல்ட் முடிக்கும்போது கே சுமார் 1.34 மீட்டர் பின்னால் இருந்திருப்பார். கிரிக்கெட் மட்டும் பார்க்கும் பிள்ளைகளிடமும் இதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் ஒரு கோடு போட்டு, "இவன் இங்கே வந்தபோது அவள் எங்கே இருப்பாள்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் காத்திருங்கள். தப்பாகச் சொன்னால் திட்ட வேண்டாம். அந்தத் தப்பை நோட்டில் அப்படியே விட்டு அனுப்புங்கள், வகுப்பில் அதிலிருந்தே தொடங்குவோம்.

வெள்ளிக்கிழமை விளையாட்டுப் பாடவேளையில் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஓடவிட்டே இதைச் செய்யப்போகிறோம். அன்று பிள்ளைகளை ஷூ போட்டு அனுப்புங்கள். அளவு நாடா இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்