கொரில்லா பார்க்கப் போகிறவர்கள் சளியோடு போகக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உகாண்டாவின் புவிண்டி காட்டுக்குப் போய் மலைக் கொரில்லாவைப் பார்த்துவிட்டு வருவது பற்றித் தமிழிலும் இப்போது கட்டுரைகளும் வீடியோக்களும் நிறைய வருகின்றன. விடுதி பால்கனியில் இறங்கும் மூடுபனி, முதுகு வெள்ளி பூத்த ஆண் கொரில்லா என்று எல்லாம் அவற்றில் இருக்கும். போகிறவரின் இருமல் அந்த விலங்கின் உயிரையே எடுக்கலாம் என்ற செய்தி மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

மலைக் கொரில்லா உலகில் இரண்டே இடங்களில் வாழ்கிறது. ஒன்று புவிண்டி. இன்னொன்று உகாண்டா, ருவாண்டா, காங்கோ மூன்றும் சந்திக்கும் விருங்கா எரிமலைத் தொடர். 2018-ல் புவிண்டியிலும் அதை ஒட்டிய காங்கோ காட்டிலும் எண்ணியபோது 459 இருந்தன. அதற்குச் சற்று முன் விருங்காவில் எடுத்த கணக்கு 604. ஆக மொத்தம் 1,063. மைசூரு உயிரியல் பூங்காவில் நம்மவர்கள் பார்ப்பது மேற்குத் தாழ்நிலக் கொரில்லா. அது வேறு இனம். மலைக் கொரில்லா எந்தப் பூங்காவிலும் கிடையாது. காட்டில் இருப்பவை போனால் போனதுதான்.

நமக்கும் அதற்கும் மரபணு 98 விழுக்காட்டுக்கு மேல் ஒன்று. நமக்கு வரும் சுவாச நோய்கள் அதற்கும் வரும். ஆனால் சிறு வயதிலிருந்தே நாம் பழகிய கிருமிகள் அதன் உடலுக்குப் புதியவை. 2009-ல் ருவாண்டா பக்கம் ஹிர்வா என்ற கொரில்லாக் குடும்பத்தில் இருமலும் மூக்கொழுகலும் பரவி, ஒரு பெண் கொரில்லாவும் ஒரு குட்டியும் இறந்தன. சோதனையில் அகப்பட்டது மெட்டாநிமோ வைரஸ். நம்மில் பலருக்கு அது நாலு நாள் ஜலதோஷத்தோடு போய்விடும்.

தவறு நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். சென்னையிலிருந்து துபாய் அல்லது அடிஸ் அபாபா வழியாக உகாண்டாவின் என்டெபே விமான நிலையம். தூக்கமில்லாத விமானப் பயணம், பிறகு எட்டு முதல் பத்து மணி நேரம் ஜீப். மறுநாளே மலையேற்றம் என்று திட்டம் போட்டிருப்பார்கள். அன்று காலை தொண்டை கரகரக்கும். அனுமதிச் சீட்டுக்கு 800 டாலர் கட்டியாயிற்று, விட மனம் வராது. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றுவிடுவார்கள். வனக்காவலர் உடல்சூடு பார்ப்பார். மாத்திரை போட்டவருக்குச் சூடு தெரியாது. ஆகவே கொரில்லா நாளைப் பயணத்தின் தொடக்கத்தில் வைக்கக் கூடாது. வந்து மூன்று நாளாவது கழித்து வையுங்கள். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். சீட்டு வாங்கும்போதே, உடம்புக்கு முடியாமல் போனால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். பணம் முழுவதும் போய்விடாது என்று தெரிந்தால் உண்மையைச் சொல்வது சுலபம்.

நெருங்கும் தூரம் முன்பு 7 மீட்டராக இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு 10 மீட்டர், முகக்கவசம் கட்டாயம். ஏற்றத்தில் வியர்த்து ஒரு கவசம் நனைந்துவிடும், நனைந்தது பயன்படாது. ஆளுக்கு மூன்று கவசமாவது பையில் இருக்கட்டும். வழிகாட்டி சொல்லும் இடத்தில் பையையும் தடியையும் போர்ட்டரிடம் விட்டுவிட்டு, புதுக் கவசம் மாட்டிக்கொண்டு முன்னே போக வேண்டும். தும்மல் வந்தால் முகத்தைத் திருப்பி முழங்கை மடிப்புக்குள் தும்முங்கள். எச்சில் துப்பக் கூடாது. காட்டில் ஒதுங்க வேண்டி வந்தால் வழிகாட்டியிடம் சொன்னால் ஓரடி ஆழத்துக்குக் குழி வெட்டித் தருவார். பிறகு மூடிவிட வேண்டும். குட்டி தானாக நம்மை நோக்கி வந்தால் மெல்லப் பின்வாங்குவது நம் பொறுப்பு. இன்ஸ்டாகிராமில் ஏற்றப்பட்ட மலைக் கொரில்லாப் படங்களை ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசியபோது, பெரும்பாலானவற்றில் மனிதர் 4 மீட்டருக்குள் நின்றிருந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் அடுத்தவருக்கும் ஆசை வருகிறது. கொரில்லாவை ஒட்டி நிற்கும் படத்தைப் பத்திரிகையும் வெளியிடாமல் இருந்தால் பெரிய உதவி.

ஒரு குடும்பத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு 8 பேருக்குத்தான் அனுமதி, அதுவும் ஒரே ஒரு மணி நேரம். வயது 15 நிறைந்திருக்க வேண்டும். ஆண் கொரில்லா மார்பில் அறைந்துகொண்டு பாய்வது போல வந்தால் ஓடாதீர்கள். ஓடுகிறவரைத்தான் அது துரத்தும். குனிந்து உட்கார்ந்து, கண்ணைத் தாழ்த்தி, வழிகாட்டி பக்கத்திலேயே இருங்கள். வழிகாட்டி தொண்டையைச் செருமுவது போல இரண்டு முறை ஆழமாக ஒலி எழுப்புவார். கொரில்லாக்கள் தங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொள்ளும் ஒலி அது. பதிலுக்கு அதுவும் செருமிவிட்டுத் தழையைப் பிய்க்கத் தொடங்கினால் பயமில்லை. கேமராவில் ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். கரிய ரோமத்தைப் பார்த்து கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும், படம் சாம்பல் பூத்து வரும். எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்தால் முகத்தின் சுருக்கங்கள் வரை தெரியும்.

அனுமதிச் சீட்டில் நடக்கும் இன்னொரு குளறுபடியையும் சொல்ல வேண்டும். புவிண்டிக்குள் போக புஹோமா, ருஹிஜா, ருஷாகா, என்குரிங்கோ என்று நான்கு பகுதிகள் உண்டு. சீட்டு ஒரு குறிப்பிட்ட பகுதிக்கும் தேதிக்கும்தான். விடுதியை புஹோமாவில் பிடித்துவிட்டு, சீட்டு ருஷாகாவுக்கு வாங்கியவர்கள் விடியுமுன்னே மலைப்பாதையில் மணிக்கணக்காகக் குலுங்கி ஓட வேண்டியிருக்கும். எட்டு மணி விளக்கக் கூட்டத்துக்குப் போய்ச் சேராவிட்டால் வண்டி பஞ்சர் என்று சொல்லியும் பயனில்லை. முதலில் சீட்டு, அது எந்தப் பகுதிக்குக் கிடைத்ததோ அங்கே விடுதி. இந்த வரிசை மாறக் கூடாது. ருவாண்டாவில் இதே சீட்டு 1,500 டாலர். அங்கே தலைநகர் கிகாலியிலிருந்து சாலைப் பயணம் குறைவு என்பதால் நாள் மிச்சம். கிகாலியில் இறங்கி எல்லை தாண்டி ருஷாகா, என்குரிங்கோ பக்கம் வருவதும் என்டெபேயிலிருந்து வருவதைவிடப் பக்கம்தான். கென்யா, ருவாண்டா, உகாண்டா மூன்றுக்கும் சேர்த்து 100 டாலரில் ஒரே விசா கிடைக்கிறது.

நடை எவ்வளவு நேரம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. விடியற்காலையிலேயே தடம் பார்ப்பவர்கள் கிளம்பி, முந்தின இரவு கொரில்லா படுத்த தழைப்படுக்கையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தடம் பிடித்து வாக்கிடாக்கியில் சொல்வார்கள். அரை மணியிலும் முடியும், ஆறு மணி நேரமும் ஆகும். பாதை கிடையாது, முன்னால் ஒருவர் கத்தியால் வெட்டிக்கொண்டே போவார். காஞ்சொறி மாதிரி சுணைச் செடிகள் ஆளுயரம் நிற்கும், பிடிமானத்துக்குக் கை அதன்மேல்தான் போகும். தோட்ட வேலைக்கான தடித்த கையுறை வேண்டும். கடி எறும்புகள் சாரையாகப் போகும் இடங்களில் பேன்ட் நுனியை சாக்ஸுக்குள் செருகியிராவிட்டால் பாடுபட வேண்டும். ஷூ பழகினதாக இருக்கட்டும். கால் நகத்தை முன்னாளே ஒட்ட வெட்டுங்கள், இறக்கத்தில் நகம் கன்றிப்போவது அதிகம். மார்ச் முதல் மே வரையும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் நல்ல மழை, சேறு முழங்கால் வரை வரும். தண்ணீர் இரண்டு லிட்டர். சைவர்கள் கட்டித் தரும் சாப்பாட்டில் முட்டையும் வேண்டாம் என்று முந்தின நாளே விடுதியில் சொல்லிவிட வேண்டும்.

போர்ட்டரை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். 20 டாலர் அளவில்தான் கூலி. உங்கள் பை தூக்குவதைவிட, வழுக்கும் சரிவில் கைகொடுத்து இழுத்துவிடுவதுதான் அவர் செய்யும் பெரிய வேலை. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் முறை வைத்து வருகிறார்கள், ஒருவருக்கு மாதத்தில் சில நாட்களே முறை வரும். முட்டி வலி உள்ள முதியவர்களை நாற்காலி வைத்த தூளியில் சுமந்து போகவும் ஆட்கள் இருக்கிறார்கள். சில நூறு டாலர் ஆகும்.

ஊர்ப் பக்கம் பணம் போவதும் கொரில்லாவின் ஆரோக்கியமும் வேறு வேறு விஷயமில்லை. 1996-ல் புவிண்டியில் ஒரு கொரில்லாக் குடும்பத்துக்குச் சொறி பிடித்து முடி கொட்டியது, ஒரு குட்டி இறந்தது. விலங்குகளை விரட்டத் தோட்டத்தில் நிறுத்திய பொம்மைகளுக்கு உடுத்தியிருந்த பழந்துணியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று கருதினார்கள். அப்போது சிகிச்சை செய்த கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலெமா-ஸிகுசோகா, ஊர் மக்கள் நோயின்றி இருந்தால்தான் கொரில்லாவும் இருக்கும் என்று 2003-ல் ஓர் அமைப்பையே தொடங்கி இன்றுவரை நடத்துகிறார்.

மாலையில் விடுதிகள் கூட்டிப்போகும் கிராம நிகழ்ச்சிகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். அந்த வட்டாரத்து பகீகா மக்களின் வாழைத்தோப்பில் மது வடிப்பதைக் காட்டுவார்கள், உண்மையிலேயே பார்க்க வேண்டியது. வாழைக்காயைக் குழியில் புகையூட்டிப் பழுக்கவைத்து, உரித்து, மரத்தொட்டியில் கொட்டி, தர்ப்பை மாதிரியான புல்லைப் போட்டு மிதித்துப் பிசைவார்கள். புல்தான் சக்கையைப் பிடித்துக்கொண்டு சாற்றைத் தெளிவாக விடுகிறது. அந்தச் சாறு இனிப்பு பானம். வறுத்த சோள மாவைக் கலந்து மூடிவைத்தால் ஓரிரு நாளில் புளித்து மதுவாகும்.

பட்வா மக்களைப் பார்க்கப் போவது அத்தனை எளிய விஷயமில்லை. வேட்டையும் தேனுமாக அந்தக் காட்டிலேயே வாழ்ந்தவர்கள் அவர்கள். 1991-ல் புவிண்டி தேசியப் பூங்காவானபோது நிலமும் இழப்பீடும் இல்லாமல் வெளியேற்றப்பட்டார்கள். உரிய இழப்பீடு தரப்படவில்லை என்று உகாண்டா அரசமைப்பு நீதிமன்றம் 2021-ல் சொன்னது. நாம் கட்டும் சீட்டின் பின்னால் இவர்கள் இழந்த காடு இருக்கிறது. தீக்கடைவதையும் பொறி வைப்பதையும் தேன்கூட்டுக்குப் புகை போடுவதையும் அவர்களே காட்டிச் சொல்லும் நிகழ்ச்சிக்குப் போங்கள். பதிவு செய்யுமுன் விடுதியில் கேளுங்கள்: கட்டணத்தில் பட்வா மக்களுக்கு எவ்வளவு போகிறது, யார் கையில் கொடுக்கிறீர்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். விடுதி முற்றத்தில் நடனம் ஆடவைத்துவிட்டு டிப்ஸை மட்டும் நம்பச் சொல்லும் இடங்களும் உண்டு. சிறுவர்களுக்கு மிட்டாயும் சில்லறையும் கொடுத்தால், வண்டிச் சத்தம் கேட்டதும் பள்ளியை விட்டு ஓடிவரப் பழகுவார்கள். கொடுக்க விரும்பினால் பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ நேராகக் கொடுங்கள்.

கடைசியாக, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. உகாண்டாவுக்குள் நுழைய அது கட்டாயம், போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். கூட்டம் இருக்கும், ஒரு மாதம் முன்பே போய்விடுங்கள். சான்றிதழ் இல்லாமல் ஊர் திரும்பினால் இந்திய விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்த நேரும், ஆறு நாள் வரை. அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள், பெட்டியில் போட்டு லக்கேஜில் அனுப்பிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கம்பாலா, உகாண்டா