விழித்த இரவுக்கு மறுநாள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில் தைப்பூசம் 1968இல் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. அதனால், நள்ளிரவை ஒட்டிப் பெருமாள் கோயிலில் காவடி எடுத்தவரும் அவருடன் டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நடந்த குடும்பத்தாரும், விடுப்பு போடாவிட்டால் காலையில் வேலைக்குப் போயாக வேண்டும். சிவராத்திரியில் நான்கு கால பூசையும் பார்த்தவர்கள் பாடும் அப்படித்தான். சென்னையில் நள்ளிரவு விமானம் ஏறினால் பயணம் நான்கு மணி நேரம், நேர வித்தியாசம் இரண்டரை மணி நேரம். சாங்கி விமான நிலையத்திலிருந்து நேராக அலுவலகம் போகிறவர்களும் உண்டு. அந்த மறுநாளைக் கடத்தும் முறை குறித்து, இரவுப் பணி பார்க்கும் தாதியர் என்ற முறையில் சில விவரங்களை எழுதுகிறோம்.

விடிகாலை 5 மணிக்கு வீடு திரும்பி 8.30க்கு வேலை என்றால், "இனி என்ன தூங்குவது" என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். ஒன்றரை மணி நேரம் கிடைத்தாலும் படுங்கள். ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் 20 நிமிடத்தோடு நிறுத்திவிடுவது மேல். நடுவில் 40, 50 நிமிடத்தில் எழுப்பினால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பிடுங்கியதுபோல் தலை கனக்கும், கால் மணி முதல் அரை மணி நேரம் வரை புத்தி வேலை செய்யாது. கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைக்காமல், எழுந்து நடந்தால்தான் அணைக்க முடியும் என்ற தூரத்தில் வையுங்கள்.

எழுந்ததும் வெளிச்சம் வேண்டும். சிங்கப்பூரில் ஆண்டு முழுதும் காலை 7 மணியை ஒட்டித்தான் சூரியன் உதிக்கிறது. 6.30க்கே பேருந்தில் ஏறி, குளிரூட்டிய அறைக்குள் நுழைந்துவிட்டால் உடல் கடிகாரத்துக்குப் பகல் வந்த சேதியே எட்டாது. ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் திறந்த வெளியில் நடந்தால் நல்லது.

காப்பி விஷயத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. கண் சொக்குவது அதனால்தான். கஃபீன் அதைக் கரைப்பதில்லை. அடினோசின் போய் ஒட்ட வேண்டிய இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவே. கஃபீன் விலகியதும் சேர்ந்திருந்த தூக்கம் மொத்தமாக அழுத்தும். ஆகவே காலையிலேயே பெரிய குவளையாக இரண்டு குடிப்பதைவிட, சிறு குவளையாக இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை குடிப்பது உதவும். நம் காப்பிக்கடைகளில் பெரும்பாலும் ரொபஸ்டா கொட்டைதான். அராபிக்காவைவிடக் கஃபீன் ஏறக்குறைய இரு மடங்கு. பாலும் சீனியும் இல்லாத கோப்பி ஓ கொசோங் சொல்லுங்கள். தூக்கம் கெட்ட உடல் எப்படியும் இனிப்பு கேட்கும். டின் பாலும் சீனியும் சேர்ந்தால் அதை வளர்த்துவிடும். கடைசிக் குவளை பிற்பகல் 2 மணிக்குள். குடித்ததில் பாதி நீங்கவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 2 மணிக் காப்பியில் கால் பங்கு நள்ளிரவிலும் உடம்பில் இருக்கும்.

காலை நேரம் பலருக்கு எதிர்பார்த்ததைவிட எளிதாகவே போகும், உடல் கடிகாரம் கைகொடுக்கும். ஏமாற வேண்டாம். பிற்பகல் 2 முதல் 4 வரைதான் கண்டம். சாப்பிடாவிட்டாலும் அந்நேரம் உடல் தளரும். தேக்காவில் ஒரு முழு பிரியாணி சாப்பிட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். சோற்றைப் பாதியாக்கி முட்டை, பருப்பு, காய் சேர்த்துக்கொள்ளுங்கள். உணவு இடைவேளையில் காப்பியை மடமடவெனக் குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் கண்ணை மூடுங்கள். கஃபீன் வேலை செய்யத் தொடங்க அரை மணி நேரம் ஆகும் என்பதால் எழும்போது இரண்டும் கைகூடும். கணக்கு, ஒப்பந்தம், மருந்தளவு போன்றவற்றைக் காலை 11 மணிக்குள் முடித்து, பிற்பகலுக்கு நின்று நடந்து செய்யும் வேலையை வையுங்கள். பணம் அனுப்பும் முன் எண்ணை இருமுறை பாருங்கள். வங்கியிலிருந்து பேசுவதாக யாராவது அழைத்தால் நாளைக்குப் பேசச் சொல்லுங்கள். மோசடிக்காரருக்கு அரைத்தூக்கத்தில் இருப்பவரைப் போல் வசதியான ஆள் கிடைப்பதில்லை.

வாகனம் ஓட்டாதீர்கள். 24 மணி நேரம் விழித்தவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.10 விழுக்காடு மது ஏறியவரின் தடுமாற்றத்துக்கு ஈடு என ஆய்வுகள் காட்டியுள்ளன. இங்கே சட்ட வரம்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம், அதாவது 0.08. விரைவுச்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும்போது 4 விநாடி கண் செருகினால் கார் 100 மீட்டர் போயிருக்கும். கண்ணாடியை இறக்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது எல்லாம் சில நிமிடத்துக்கே. வழியில் கண் சொக்கினால் சாலையோரம் நிறுத்தாமல், அடுத்த வெளிவழியில் இறங்கி ஏதாவது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் 20 நிமிடம் தூங்குங்கள். பாரந்தூக்கி இயக்குபவர்களும் உயரத்தில் வேலை செய்பவர்களும் மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மாலை 6 மணிக்கு ஒரு புதுத் தெம்பு வரும். அதை நம்பி நாடகம் பார்க்க உட்காராதீர்கள். அதே சமயம் அப்போதே படுத்துவிட்டால் நள்ளிரவில் விழிப்பு வந்து அடுத்த நாளும் கெடும். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் படுத்தால் போதும். சளி மாத்திரையில் உள்ள தூக்க மருந்தை நாடாதீர்கள், மறுநாளும் மந்தம் தொடரும்.

வலிப்பு உள்ளவர்களுக்கும் இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கும் தூக்கமற்ற ஓர் இரவே நோயைத் தூண்டக்கூடும். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கண்விழிக்கக் கூடாது. நீரிழிவுக்காரர்களுக்குச் சர்க்கரை ஏறலாம், அளந்து பாருங்கள். தவறிய மாத்திரையை அடுத்த வேளையில் இரட்டிப்பாகப் போட வேண்டாம்.

கோயில் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். தைப்பூசம், தீமிதி அறிவிப்புகளில் சாலை மூடல் விவரத்தோடு இரண்டு வரி சேருங்கள்: முதல் நாள் மாலையில் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டு வாருங்கள், திரும்பும்போது முதல் ரயிலையோ வாடகைக் காரையோ பிடியுங்கள்.

இப்படிக்கு,
இரவுப் பணித் தாதியர் சிலர்,
ஈசூன்