ஓணத்துக்கு விளம்பரப் படம் எடுக்கப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழக-கேரள எல்லையை ஒட்டிய மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை வட்டாரத் துணிக்கடை முதலாளிமாருக்கும், அவர்களுக்கு விளம்பரம் செய்துகொடுக்கும் ஏஜென்சிக்காரர்களுக்கும்,

வணக்கம். கேமரா, லைட், மேக்கப், படத்திருத்தம் என்று இந்த வேலையில் ஈடுபட்டிருப்பவர்கள் சேர்ந்து எழுதுகிறோம். ஆடியில் படம் எடுத்து ஆவணியில் பிளெக்ஸ் கட்டும் பருவம் நெருங்குகிறது. கூடவே அந்தப் பேச்சும் வரும்: "நாலு பேர் பேசுற மாதிரி எடுங்க." பேசத்தான் செய்வார்கள். ஏச்சு முழுவதும் மாடல் பெண்ணின் தலையில் விழும், கடைக்குப் பெயர் கிடைக்கும்.

உடம்பு தெரிவதே தப்பு என்று சொல்ல இதை எழுதவில்லை. பாலூட்டும் அட்டைப்படம் போட்ட கிருகலட்சுமி என்ற மலையாளப் பெண்கள் இதழ் மீதான மனுவைக் கேரள உயர் நீதிமன்றம் 2018இல் தள்ளுபடி செய்தது. இரண்டு மாடல்கள் உடையில்லாமல் மலைப்பாம்பைச் சுற்றிக்கொண்டு நின்ற 1995ஆம் ஆண்டு டஃப் ஷூ விளம்பர வழக்கில் 2009இல்தான் விடுதலை கிடைத்தது. சட்டம் அதன் வேகத்தில் பார்த்துக்கொள்ளும். எங்கள் கணக்கில் ரசனை கெடுவது வேறு இடங்களில். அதில் பாதி வெறும் கவனக்குறைவு.

முதலில் கசவு, அதாவது ஓணத்துக்கு உடுத்தும் வெண்துணியின் பொன்சரிகைக் கரை. அந்தக் கரை போட்ட இரண்டு துண்டுச் சேலையான செட்டுமுண்டு மெல்லிய பருத்தி. மாலை வெயில் பின்னால் இருந்தால், ஒற்றை மடிப்பாக விழும் இடத்தில் காலின் உருவம் அப்படியே தெரியும். முகம் இருட்டாகிறதே என்று கேமராமேன் ஒன்றரை ஸ்டாப், அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தைக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, கூட்டுவார். துணி இன்னும் ஊடுருவித் தெரியும், கசவின் பொன்னிறமும் வெளிறிப்போகும். நட்ட வெயிலில் கேமராவின் 3 அங்குலத் திரையில் இது கண்ணில் படாது. 20 அடி பிளெக்ஸில் ஊரே பார்க்கும். எக்ஸ்போஷரைக் கசவுக்கு வைத்து, முகத்துக்கு முன்பக்கம் 45 டிகிரியில் சாஃப்ட்பாக்ஸோ (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி விளக்கு), அது இல்லையென்றால் வெள்ளைத் தெர்மாகோலோ கொடுத்தால் போதும். உள்பாவாடை வெள்ளையாக இருந்தால் விளிம்பு கோடாகத் தெரியும். அந்தப் பெண்ணின் தோல் நிறத்தை ஒட்டியது வேண்டும். சோதனைப் படத்தை லேப்டாப்பில் பெரிதாக்கி, அவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவை.

லென்ஸும் அப்படித்தான். அகலமாகக் காட்டும் 24 எம்எம்மை முழங்கால் உயரத்தில் வைத்துக் கிட்டப்போனால் இடுப்பும் தொடையும்தான் படம். தூரத்திலிருந்து எடுக்கும் 85 எம்எம் போட்டு 5 மீட்டர் தள்ளி நின்றால் ஆள் முழுதாகத் தெரிவார். கடைக்குள் அவ்வளவு இடமில்லை என்றால் மண்டபம் பிடியுங்கள்.

இனி, பெரிய கேடு நடக்கும் இடம்: டிசைனரின் மேசை. படத்தை 2க்கு 3 என்று நெடுக்காக எடுக்கிறோம். நீங்கள் ஜங்ஷனில் பிடித்திருக்கும் பலகையோ 20 அடி அகலம், 10 அடி உயரம். படத்தின் அகலத்தை முழுக்க வைத்துக்கொண்டு வெட்டினால் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். கரையும் முந்தானையும் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அந்தப் பங்கைப் பிடிப்பார்கள், அதாவது கழுத்துக்குக் கீழே, இடுப்பு வரை. "துணிதானே விற்கணும்?" என்பார்கள். தலையில்லாத உடம்பைப் பேருந்துக்கு நிற்கிறவர் அண்ணாந்து பார்ப்பார். கண்ணியமாக எடுத்த படம் அச்சுக்குப் போகும் வழியில் இப்படித்தான் அசிங்கமாகிறது. வேலை பேசும்போதே பலகை அளவைச் சொன்னால் கிடையாகத் தனிப் படம் எடுத்துத் தருவோம். முகத்தை வெட்டக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியும் வேண்டும்.

பின்னணிக்கு ஆள் பிடிப்பது இன்னொன்று. பட்டுச் சேலை கட்டிய மாடலுக்குப் பின்னால் ரப்பர் பால்வெட்டுகிற அக்காவையும் அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) பெண்களையும் நிறுத்துகிறீர்கள். வோக் இந்தியா என்ற ஃபேஷன் பத்திரிகை 2008 ஆகஸ்ட் இதழில் இதையே செய்து உலகம் முழுக்க வாங்கிக்கட்டிக்கொண்டது. எளிய வீட்டுக் குழந்தைக்கு ஃபெண்டி கழுத்துத்துணி, ஏழை ஒருவர் கையில் பர்பெரி குடை, இரண்டும் விலையுயர்ந்த வெளிநாட்டுப் பிராண்டுகள். பொருளுக்குப் பெயர் போட்டார்கள், மனிதருக்குப் போடவில்லை. நிறுத்தத்தான் வேண்டும் என்றால் முந்தின நாளே கேளுங்கள். போகிற அரைநாள் கூலியும் அதற்குமேல் படத்துக்கான பணமும் கொடுங்கள், பெயரைப் போடட்டுமா என்றும் கேளுங்கள்.

"பழைய திருவிதாங்கூர்" தீம் கேட்பவர்களுக்கு ஒரேயடியாக இல்லை என்போம். ரவிக்கையில்லாமல் கச்சை கட்டிய வேலைக்காரப் பெண், விளக்கு வெளிச்சம், செம்பழுப்பு நிறம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் 1820களிலிருந்து 1859 வரை மார்பை மறைக்க உரிமை மறுக்கப்பட்ட இந்த மண்ணின் சாதிப் பெண்கள், தோள்சீலை என்ற மேல்துணி போட்டதற்காக அடிபட்டார்கள். போட்ட துணியைச் சந்தையில் கிழித்தார்கள். 1859 ஜூலையில் வந்த மன்னரின் அறிவிப்புகூட, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. அந்த மறுப்பை அலங்காரமாக்கி இதே ஊரில் துணி விற்கக் கேட்கிறீர்கள். தன் விருப்பத்தில் ஒரு பெண் எவ்வளவு குறைவாக உடுத்தி நின்றாலும் எடுப்போம், இதை எடுக்க மாட்டோம். 18 வயது நிறையாதவரைப் பெரியவர்போல் சோடித்து எடுப்பதும் அப்படியே; வயதுச் சான்று பார்க்காமல் லைட் போட மாட்டோம்.

திற்பரப்பு அருவியிலோ மாத்தூர் தொட்டிப்பாலத்திலோ வேலை என்றால் மடக்குக் கூடாரம் ஒன்று வர வேண்டும், காருக்குள் உடை மாற்றச் சொல்லாதீர்கள். கடைப் பையன்களின் போன் பைக்குள் இருக்கட்டும். நனைந்த சேலையைச் சரிசெய்யும் பத்து நொடி ரீல்ஸ், நீங்கள் காசு கொடுத்து எடுத்த படத்தைவிட வேகமாகப் பரவும்.

பலகை அளவு, படம் எங்கெங்கே எத்தனை மாதம் ஓடும், அச்சுக்குப் போகுமுன் மாடலுக்குக் காட்டும் நாள், பின்னணி ஆட்களுக்கான கூலி, இந்த நான்கையும் எழுதிக்கொண்டு வாருங்கள். தமிழிலும் மலையாளத்திலும் படிவம் தருகிறோம். ஆடி பிறந்து ஒரு வாரம் போய்விட்டால் மழைக்கு நடுவே வெளிப்புறப் படப்பிடிப்புக்குத் தேதி கிடைப்பது கஷ்டம்.

இப்படிக்கு,
எல்லைப்புறப் படப்பிடிப்புத் தொழிலாளர்கள்