தொரப்பள்ளியில் 1952-ஐயும் சொல்லிக் கொடுப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆளுநரின் அதிகாரம் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது ஆட்சி அமைக்க யாரை அழைப்பது என்ற கேள்விக்குக் கட்டுரையாளர் அண்மைக்கால நிகழ்வுகளையே எடுத்துக்காட்டியிருக்கிறார். இந்தச் சிக்கலின் வேர் 1952-இல், அன்றைய சென்னை மாநிலத்தில் இருக்கிறது. அதன் நடுநாயகர் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி.

முதல் பொதுத்தேர்தலில் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. எதிர்த்தரப்பினர் ஆந்திரத் தலைவர் டி.பிரகாசம் தலைமையில் ஐக்கிய ஜனநாயக முன்னணியாகத் திரண்டு, தங்களை அழைக்க வேண்டும் என்றார்கள். ஆளுநர் ஸ்ரீபிரகாசா, தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியைச் சட்டமன்றத்தின் மேலவைக்கு நியமித்து, ஆட்சி அமைக்கவும் அவரையே அழைத்தார். ஏப்ரலில் பதவியேற்பு. ஆதரவு தந்த காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். ஜூலையில் நம்பிக்கை வாக்கெடுப்பிலும் அரசு வென்றது.

ஓய்வுபெறும்வரை நான் வரலாற்று ஆசிரியர். தொரப்பள்ளியில் உள்ள ராஜாஜி பிறந்த வீட்டுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றபோது ஒரு சிறுமி கேட்டாள்: "ஐயா, 1952-இல் இவர் எந்தத் தொகுதியில் ஜெயித்தார்?" எந்தத் தொகுதியிலும் இல்லை என்றேன். "அப்படியானால் எப்படி முதலமைச்சர் ஆனார்?" என்றாள் விடாமல். இலக்கியம், சமூக சேவை போன்ற துறைகளில் தேர்ந்தவர்களை ஆளுநர் மேலவைக்கு நியமிக்கலாம் என்று அரசமைப்புச் சட்டம் சொல்வதை விளக்கினேன். சட்டத்தில் இடம் இருந்தது, உண்மைதான். ஆனால் அறிஞர்களுக்கென ஒதுக்கிய இருக்கை ஆட்சியைப் பிடிக்கப் பயன்பட்டதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

இரண்டே ஆண்டுகள் கழித்து, அதே சட்டத்தின் கீழ் காமராசர் நடந்துகொண்டதைப் பாருங்கள். குலக்கல்வித் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பில் ராஜாஜி விலக, 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். அப்போது அவர் நாடாளுமன்ற உறுப்பினர். மேலவைக் கதவு அவருக்கும் திறந்தேதான் இருந்தது. அவரோ குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று, மக்களிடம் வாக்குக் கேட்டு வென்று, பேரவைக்குள் வந்தார். தலைமைப் போட்டியில் தம்மை எதிர்த்து நின்ற சி.சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். எந்தச் சட்டமும் அவரை இதற்குக் கட்டாயப்படுத்தவில்லை.

மாற்றாரை அரவணைக்கும் இந்தப் பண்பு 1947-இலேயே தொடங்கிவிட்டது. நேருவின் முதல் அமைச்சரவையில் அம்பேத்கர் இருந்தார், நீதிக்கட்சிக்காரரான கோவை சண்முகம் செட்டியார் இருந்தார், இந்து மகாசபையின் சியாமா பிரசாத் முகர்ஜி இருந்தார். கொள்கையில் உடன்பாடு இல்லாதபோது பதவியைத் துறப்பதற்கும் அவர்களே வழிகாட்டினார்கள். 1950-இல் முகர்ஜியும், இந்து சட்டத் தொகுப்பு மசோதா கிடப்பில் போடப்பட்ட 1951-இல் அம்பேத்கரும் வெளியேறினார்கள்.

அந்தக் காலத்தில் என்னை மிகவும் நெகிழ வைப்பது முதல் பொதுத்தேர்தலின் வாக்காளர் பட்டியல். வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல், இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிவு செய்திருந்தார்கள். முதல் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. பெயர் தராத சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. அந்தத் தேர்தலில் அவர்கள் வாக்களிக்க முடியாமல் போனது பெரிய இழப்புதான். ஆயினும் பெண்ணும் தன் பெயரிலேயே வாக்காளர் என்ற நிலை அன்றே உறுதியாயிற்று. இன்று எங்கள் தெருவில் பூத் சிலிப் கொடுக்க வருபவர் என் மனைவியின் பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார்.

காமராசரைப் போலவே, அமெரிக்காவில் இரு முறைக்கு மேல் அதிபர் பதவி வேண்டாம் என்று வாஷிங்டன் ஒதுங்கியதும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அல்ல. அதை மீறி ரூஸ்வெல்ட் மூன்றாம் முறை வென்ற பிறகே, 1951-இல் அது சட்டமாக எழுதப்பட்டது.

ராஜாஜியைச் சிறுமைப்படுத்த இதை எழுதவில்லை. கவர்னர் ஜெனரலாக நாட்டின் தலைமைப் பதவியில் இருந்தவர், படேலுக்குப் பின் உள்துறை அமைச்சராகப் பணியாற்றத் தயங்காதது பெருமைக்குரியது. அந்தப் பெருமையோடு 1952-இன் கதையையும், குடியாத்தத்தின் கதையையும் தொரப்பள்ளிக்கு வரும் மாணவர்களுக்கு ஆசிரியர்கள் சொல்லித் தர வேண்டும். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்திலும் இவ்விரண்டையும் அருகருகே வெளியிடும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.