பம்ப்பை நிறுத்தினால் நடுக்கம் நின்றுவிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மனிதர் வேலையால் வரும் நிலநடுக்கங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பூமிக்கடியில் நீரைச் செலுத்துவதும், அங்கிருந்து எண்ணெயோ எரிவாயுவோ எடுப்பதும் நிலத்தை ஆட்டக்கூடும் என்பதை யாருக்கும் புரிகிற மாதிரி சொல்லியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் கடைசிப் பத்தியில், அதிர்வு தென்பட்டால் பம்ப்பை நிறுத்திவிட்டால் சரியாகிவிடும் என்ற தொனியில் முடித்துவிட்டார். அதில் எனக்கு உடன்பாடில்லை.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் நடந்ததைப் பாருங்கள். அந்நகரத்துக்கு அருகில் இருந்த அமெரிக்க ராணுவத்தின் ரசாயன ஆயுத ஆலை, 3,671 மீட்டர் ஆழத்துக்கு ஒரு கிணறு தோண்டி, 1962 மார்ச்சில் கழிவுநீரை உள்ளே அனுப்பத் தொடங்கியது. அடுத்த மாதமே சிறு அதிர்வுகள். டேவிட் இவான்ஸ் என்ற நிலவியலாளர், மாதாமாதம் உள்ளே போன நீரின் அளவையும், மாதாமாதம் பதிவான நடுக்கங்களின் எண்ணிக்கையையும் ஒரே தாளில் வரைந்து, 1965 நவம்பரில் வெளியே சொன்னார். நீர் கூடிய காலத்தில் நடுக்கமும் கூடியிருந்தது. நடுவில் சுமார் ஒரு வருடம் செலுத்துவதை நிறுத்தியிருந்தார்கள்; அந்த இடத்தில் நடுக்கக் கோடும் படுத்திருந்தது. ஒரு பெரிய சூத்திரமும் இல்லை, இரண்டே கோடுகள்தான்.

1966 பிப்ரவரியில் பம்ப்பை நிறுத்தினார்கள். கட்டுரையாளர் சொல்கிறபடி பார்த்தால் கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அந்தத் தொடரிலேயே பெரிய நடுக்கங்கள் வந்தது 1967 ஏப்ரல், ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில். அதாவது நிறுத்தி ஒரு வருடத்துக்கும் மேல் ஆன பிறகு.

காரணம் ஒன்றும் மர்மமில்லை. கழுவிக் கவிழ்த்த சூடான டம்ளர் ஈர மேடையில் தானாக வழுக்கிப் போவதைப் பார்த்திருப்போம். உள்ளே அடைபட்ட காற்று டம்ளரின் எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்வதால் பிடிப்பு குறைகிறது. பாறைப் பிளவிலும் அப்படித்தான். மேலிருக்கும் பாறையின் பாரம் பிளவின் இரு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்திருக்கிறது. நுண்துளைகளில் நீரின் அழுத்தம் ஏறினால் அந்தப் பிடி தளர்கிறது, ஏற்கெனவே முறுக்கேறி நிற்கும் பிளவு சறுக்குகிறது. பம்ப்பை நிறுத்திய மறுநாளே அந்த அழுத்தம் மறைந்துபோவதில்லை. கிணற்றடியில் குறைந்தாலும், பாறைக்குள் மெல்லப் பரவிக்கொண்டே போய், தூரத்தில் இருக்கும் பிளவுகளை எட்டுகிறது. அங்கே பெரிய பிளவு ஏதும் காத்திருந்தால் போச்சு.

நிறுத்தினால் நிற்பதும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. அதே கொலராடோவில் ரேஞ்ச்லி எண்ணெய் வயலில் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 1969 முதல் 1973 வரை இதை வேண்டுமென்றே சோதித்தது. நீரழுத்தம் சுமார் 257 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) என்ற அளவைத் தாண்டும்போது நடுக்கம் வந்தது. இறக்கியபோது ஏறக்குறைய அடங்கியது. அங்கே வந்தவை சிறியவை, கிணறுகளிலிருந்து நீரை வெளியே எடுக்கவும் வழி இருந்தது. அந்த ஒரு வயலை வைத்து ஊருக்கெல்லாம் விதி எழுத முடியாது.

தென்கொரியாவின் போஹாங் இன்னும் கசப்பான பாடம். புவிவெப்ப மின்சாரத்துக்காக அங்கே ஆழ்துளையில் நீர் செலுத்தினார்கள். 2017 ஏப்ரலில் நிலநடுக்க அளவில் மூன்றுக்குச் சற்று மேற்பட்ட ஒரு நடுக்கம் எச்சரித்தது. செப்டம்பரில் கடைசியாகச் செலுத்தி நிறுத்தினார்கள். நவம்பர் 15 அன்று 5.5 அளவில் ஊரே குலுங்கியது. இத்தனைக்கும் செலுத்திய மொத்த நீர் ஒன்றேகால் கோடி லிட்டர் அளவுதான்; டென்வரில் போனது 60 கோடி லிட்டருக்கும் மேல். ‘கொஞ்சம்தானே செலுத்துகிறோம்’ என்ற சமாதானம் அங்கேயே செத்துப்போனது.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலம் பற்றிக் கட்டுரையில் இருந்த ஒரு சிறு தவறையும் சொல்லிவிடுகிறேன். அங்கே பெரும்பாலான நடுக்கங்களுக்குக் காரணம் ஃபிராக்கிங் (எண்ணெய், எரிவாயு எடுக்க அழுத்த நீரால் பாறையைப் பிளப்பது) அல்ல. எண்ணெயோடு சேர்ந்து மேலே வரும் உப்புநீரைத் திரும்ப ஆழத்தில் கொட்டியதுதான். 2008 வரை வருடத்துக்கு ஒன்றிரண்டாக இருந்த மூன்றுக்கு மேற்பட்ட நடுக்கங்கள் 2015-இல் சுமார் 900 ஆயின. 2016 தொடக்கத்தில் கொட்டும் அளவைக் குறைக்கச் சொன்னார்கள், எண்ணிக்கையும் இறங்கத் தொடங்கியது. ஆனால் அம்மாநிலத்தில் பதிவானவற்றிலேயே பெரியது, 5.8, அந்தச் செப்டம்பரில்தான் வந்தது.

எடுப்பதால் வருவது இன்னும் நிதானமாக வரும். நெதர்லாந்தின் குரோனிங்கன் வயலில் 1963-இல் எரிவாயு எடுக்கத் தொடங்கினார்கள். நடுக்கம் தலைகாட்டியது 1990-களில். வாயு போனதும் பாறை மேல்பாரத்தால் நசுங்குகிறது, பிளவின் இரு பக்கமும் ஒரே சீராக நசுங்குவதில்லை. 2012-இல் 3.6 அளவில் வந்த நடுக்கமே, மையம் அதிக ஆழத்தில் இல்லாததாலும் மண் மென்மையானதாலும், வீடுகளில் விரிசல் விடவைத்தது. 2023 அக்டோபரில் உற்பத்தியை நிறுத்தியும் சிறு அதிர்வுகள் நின்றபாடில்லை.

ஆகவே முதல் சொட்டு உள்ளே போகும் முன்பே சுற்றுவட்டாரத்தில் அதிர்வுமானிகள் வேண்டும். எவ்வளவு நீர், எந்த அழுத்தத்தில், எந்த ஆழத்தில் என்ற கணக்கை அவ்வப்போது பொதுவில் வைக்க வேண்டும். கணக்கு கிடைத்ததால்தான் இவான்ஸால் அந்த இரண்டு கோடுகளை வரைய முடிந்தது. அப்புறம், கிணற்றை மூடிய நாளோடு பொறுப்பும் முடிந்தது என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுத விடக்கூடாது. குரோனிங்கன் மக்களுக்காக 2016 இறுதியில் சட்டத்தையே மாற்றினார்கள்: வீட்டில் அந்த மாதிரி விரிசல் விட்டால், அதற்குத் தான் காரணமல்ல என்று எரிவாயு எடுத்த நிறுவனமே நிரூபிக்க வேண்டும். கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுவதாக இருந்தால் இந்தச் சட்டத்தைப் பற்றி விரிவாக எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்