பின்சீட்டை வரைகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கார் நிறுவனங்களில் பின்சீட்டை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு அல்சூரிலிருந்து எழுதுகிறேன். போன வருடம் புதுக் கார் எடுத்தோம். எந்த கம்பெனி என்பது வேண்டாம். ஷோரூமில் சன்ரூஃபைத் திறந்து காட்டினார்கள், பாட்டுப் போட்டுக் காட்டினார்கள். குழந்தை சீட் பின்னால் ஒழுங்காக உட்காருமா என்று கேட்டதற்கு மட்டும், "ஐசோஃபிக்ஸ் இருக்கு சார்" என்பதோடு பேச்சு முடிந்தது.

இருந்தது உண்மைதான். ஆனால் குழந்தை சீட்டைக் காரோடு பூட்டுவதற்கான அந்த ஐசோஃபிக்ஸ் கம்பிகள் மெத்தைக்கும் சாய்மானத்துக்கும் நடுவே அவ்வளவு ஆழத்தில் புதைந்திருந்தன. விரல் தோல் உரிந்த பிறகுதான் கிடைத்தன. சரி, மாட்டியாயிற்று என்று பார்த்தால், இப்போது ஹெட்ரெஸ்ட் இடித்தது. சாய்மானத்தோடு ஒன்றாக வார்த்து, முன்பக்கம் துருத்திக்கொண்டிருக்கிறது, கழற்றவும் முடியாது. என் மூன்று வயதுப் பையனின் சீட் சாய்மானத்தில் படியாமல், இடையில் நான்கு விரல் சந்து.

மச்சான் வண்டி பழசு, பெல்ட்டால்தான் கட்ட வேண்டும். அதில் பக்கிளின் தண்டு நீளம். பக்கிள் வந்து குழந்தை சீட்டின் விளிம்பில் மடங்கி நிற்கிறது. எவ்வளவு இழுத்தாலும் இறுகுவதில்லை. பெல்ட் போகும் இடத்தைப் பிடித்து அசைத்தால் ஓர் அங்குலத்துக்கு மேல் ஆடக் கூடாது என்பார்கள். இது தொட்டில் மாதிரி ஆடுகிறது. மெத்தையின் நடுவில் நீங்கள் வெட்டிய பள்ளமும் அதற்கு ஒத்தாசை.

பின்னோக்கி வைக்கும் குழந்தை சீட்டுகள் பலவற்றுக்குத் தரையில் ஊன்றும் தாங்குகால் உண்டு. சில கார்களில் அது ஊன்ற வேண்டிய இடத்தில்தான், தரைக்கு அடியில், மூடி போட்ட பெட்டி வைக்கிறீர்கள். மோதலில் அந்த மூடியா தாங்கும்?

2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 194பி பிரிவு வந்தது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம். கட்டுவது நாங்கள். காரை மோதவிட்டுப் பார்த்து நட்சத்திரம் தரும் பாரத் என்கேப் சோதனையில் குழந்தைப் பாதுகாப்புக்கு 49 மதிப்பெண். அதில் 12 மதிப்பெண், குழந்தை சீட்டுகள் காரில் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதற்கே. ஆனால் விளம்பரத்தில் வருவது நட்சத்திரம் மட்டும்தான். எந்த சீட் பொருந்தும், எது பொருந்தாது என்று ஷோரூமில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"மடியில வெச்சுக்கிட்டா போதாதா?" என்கிறார் சேலத்தில் இருக்கும் அம்மா. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் பத்து கிலோ குழந்தை நூறு கிலோவுக்கு மேல் இழுக்கும், எந்தக் கையும் பிடிக்காது என்று விளக்கிப் பார்த்தேன். "அப்ப அந்த சீட்டு ஆடுதே?" என்றார். பதில் இல்லை.

கழற்றக்கூடிய ஹெட்ரெஸ்ட், கைக்கு எட்டும் ஐசோஃபிக்ஸ், குட்டையான பக்கிள். ராக்கெட் தொழில்நுட்பம் எதுவும் கேட்கவில்லை. சன்ரூஃபுக்கு ஆகும் செலவில் ஒரு துணுக்குகூட ஆகாது.

பொங்கலுக்குச் சேலம் போக வேண்டும். அதற்கு முன் எங்கள் சீட்டைத் தூக்கிக்கொண்டு ஷோரூமுக்கு வருகிறேன். நீங்களே ஒருமுறை மாட்டிக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் அப்பா, அல்சூர்