பூமலைக்கு வகுப்பை அழைத்துச் செல்லும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

அடுத்த மாதம் உன் தொடக்கநிலை நான்கு மாணவர்களைக் கற்றல் பயணமாகப் பூமலைக்கு, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு, அழைத்துச் செல்லப்போவதாகவும், பணி ஓய்வுக்குப் பிறகு அங்கே தொண்டூழிய வழிகாட்டியாக இருந்தவள் என்ற முறையில் எதைக் காட்டலாம், எதை விடலாம் என்று நான் சொல்ல வேண்டும் என்றும் தொலைபேசியில் கேட்டாய். இங்கே பெர்த்தில் உன் அக்காவின் குழந்தை அழத் தொடங்கியதால் அன்று பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. எப்படியும் இது தொலைபேசியில் சொல்லி முடிகிற செய்தி இல்லை என்பதால் எழுதியே அனுப்புகிறேன்.

முதலில், முழுப் பூங்காவையும் காட்ட வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடு. பூமலை 82 ஹெக்டேர் பரப்புள்ளது. தங்ளின் நுழைவாயிலில் இறங்கி புக்கிட் தீமா நுழைவாயிலில் பேருந்து ஏறுவது என்று திட்டம் போடும் பள்ளிகள் உண்டு. அப்படி வந்த பிள்ளைகள் கடைசி அரை மணி நேரத்தில் மரத்தைப் பார்க்கமாட்டார்கள், தண்ணீர்ப் புட்டியைத்தான் பார்ப்பார்கள். உனக்குக் கிடைப்பது அதிகம் போனால் இரண்டு மணி நேரம். அதில் மூன்று அல்லது நான்கு இடங்களில் நின்று பார்த்தால் போதும். எந்த இடங்கள் என்பதை முடிவு செய்ய எனக்கு ஓர் அளவுகோல் உண்டு: அங்கே யாராவது ஏதாவது வேலை செய்தார்களா? பூங்கா என்றால் அழகு பார்க்கவும் படம் எடுக்கவும் உள்ள இடம் என்றே நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆனால் 2015 ஜூலையில் யுனெஸ்கோ இந்தப் பூங்காவை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்ததற்கு அழகு மட்டும் காரணமன்று. இந்த வட்டாரத்தின் பொருளியலையே மாற்றிய ஆய்வுகள் இங்கே நடந்ததும் முக்கியமான காரணம்.

தொடக்க வரலாற்றை நீ விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. ராஃபிள்ஸ் 1822இல் இன்றைய ஃபோர்ட் கேனிங் குன்றில் சாதிக்காய், கிராம்பு போன்ற பயிர்களுக்காக ஒரு சோதனைத் தோட்டம் போட்டார் என்பதும், அது 1829இல் கைவிடப்பட்டது என்பதும், பிறகு 1859இல் ஒரு வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தங்ளினில் இப்போதைய பூங்காவைத் தொடங்கியது என்பதும் இரண்டு நிமிடங்களில் சொல்லி முடிக்கக்கூடியவை. லாரன்ஸ் நிவன் என்பவர் பாதைகளையும் புல்வெளிகளையும் அமைத்தார். அன்ன ஏரி 1866இல் வெட்டப்பட்டது. சங்கத்துக்குப் பணம் போதாமல் போனதால் 1870களில் காலனி அரசாங்கம் பூங்காவைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உண்மையான கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அந்தக் கதையை ரப்பர் மரத்தடியில் நின்றுதான் சொல்ல வேண்டும். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். அவற்றுள் முளைத்தவை சில ஆயிரமே. முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை வெறும் 22 கன்றுகள். அவற்றிலும் ஒன்பதைப் பேராக்கில் உள்ள கோலக் கங்சாருக்கு அனுப்பினார்கள். கரும்பலகையில் இந்த எண்களை மட்டும் எழுதி, இவற்றிலிருந்து மலாயா முழுவதும் ரப்பர்க் காடு எப்படி வந்திருக்கும் என்று பயணத்துக்கு முந்தைய நாளே பிள்ளைகளிடம் கேட்டுவிடு. நம் பிள்ளைகள் கணக்கில் கெட்டிக்காரர்கள். மரம் காய்க்க எத்தனை ஆண்டு, ஒரு காயில் எத்தனை விதை என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள். ஒரு காயில் மூன்று விதைகள். காய் முற்றிக் காய்ந்ததும் பட்டென்று வெடித்து விதையைத் தூர எறியும். கீழே விதை கிடந்தால் ஒன்றைக் கையில் எடுத்து, அதன் பளபளப்பையும் பழுப்பு வரிகளையும் பார்க்கச் சொல். பார்த்த பிறகு அங்கேயே வைத்துவிட வேண்டும், பூங்காவிலிருந்து எதையும் எடுத்துச் செல்லக் கூடாது. (அந்த விதையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றி அடுத்தவன் கையில் வைக்கும் விளையாட்டை மட்டும் நீ சொல்லிக் கொடுக்காதே. நாங்கள் விளையாடியதுதான்; ஆனால் நீ ஆசிரியர்.)

மரம் வந்தது ஒரு பாதி. அதிலிருந்து பாலெடுக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டது மறுபாதி. 1888இல் பூங்காவின் இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லிதான் அதைச் செய்தார். அமேசான் காடுகளில் கோடரியால் கொத்தி மரத்தைக் காயப்படுத்திப் பாலெடுத்தார்கள்; மரம் நெடுநாள் தாங்காது. ரிட்லி 1890களில் இங்கே செய்த சோதனைகளில், பட்டையின் உட்பகுதியில்தான் பால்குழாய்கள் இருக்கின்றன, அதற்கும் உள்ளே இருக்கும், புதிய பட்டையை உருவாக்கும் வளர்படலத்தைக் கத்தி தொடாதவரை பட்டை மறுபடியும் வளர்ந்துவிடும் என்பதைப் பயன்படுத்திக்கொண்டார். மரத்தில் சாய்வாக ஒரு கோடு கீறி, ஒவ்வொரு முறையும் அதே கோட்டின் கீழ் விளிம்பில் மெல்லிய ஒரு சீவலை மட்டும் எடுத்தால் பால் வடியும். மரமும் பல ஆண்டுகள் பலன் தரும். மீன்முள் வடிவில் அவர் கீறிய கோடுகளைக் காட்டும் பழைய புகைப்படங்கள் உண்டு. அவற்றில் ஒன்றை அச்சிட்டு எடுத்துச் செல். பத்து வயதுப் பிள்ளைக்குக் காயம், தழும்பு, மறுபடியும் வளரும் தோல் ஆகியவை நன்றாகத் தெரிந்த விஷயங்கள். மரத்துக்கும் அப்படித்தானா என்று அவர்கள் கேட்டால், உன் அறிவியல் பாடம் பாதி முடிந்துவிட்டது.

ரிட்லியைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. காப்பித் தோட்டக்காரர்கள் ரப்பரை நம்பாத காலத்தில் அவர் போகுமிடமெல்லாம் பையில் விதைகளை வைத்துக்கொண்டு, நடுங்கள் நடுங்கள் என்று வற்புறுத்தினாராம். அதனால் அவரைப் பைத்தியக்கார ரிட்லி என்றே அழைத்தார்கள். கடைசியில் 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்பவர் முதல் ரப்பர்த் தோட்டத்தைப் போட்டார். பிறகு மோட்டார் வண்டி வந்தது, டயருக்குத் தேவை எகிறியது, 1920 வாக்கில் உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்தே கிடைத்தது. ரிட்லி நூறு வயதைத் தாண்டியவுடன் கூட இறக்கவில்லை, இன்னும் பல மாதங்கள் இருந்து 1956இல்தான் மறைந்தார் என்பதை நான் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆனால் ரிட்லியோடு கதையை நிறுத்திவிடும் வழிகாட்டிகளிடம் எனக்கு உடன்பாடில்லை. விதையை ஒருவர் கொடுத்தார், தோட்டத்தை ஒருவர் போட்டார். பாலை வெட்டியது யார்? தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து கங்காணிகள் (தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த மேற்பார்வையாளர்கள்) திரட்டிக் கப்பலேற்றிய மக்கள் அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்தார்கள். 1938இல் அந்த ஆள்சேர்ப்பு நிற்கும்வரை அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். உன் கொள்ளுப்பாட்டி ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு நின்று பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் மரம் மரமாகப் போவார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் அந்த நேரம். பிறகு திரும்ப அதே வரிசையில் போய் மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) வடிந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டா என்ற காவடித் தடியில் கட்டித் தோளில் சுமந்து கொட்டகைக்குக் கொண்டுவர வேண்டும்; வெட்டிய கோட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலையும் உரித்துத் தனியாக எடை போடுவார்கள். உன் வகுப்பில் எல்லா இனத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். நம் கதையை மட்டும் பெரிதாக்காதே. ஆனால் அந்த மரத்தடியில் நிற்கும்போது, உங்கள் வீட்டில் யாராவது தோட்டத்தில் வேலை செய்தார்களா என்று ஒரு கேள்வி கேள். சீனப் பிள்ளைகளில் சிலரும் கை தூக்குவதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு வரச் சொன்னால், அடுத்த வாரம் நீ எதிர்பார்க்காத விடைகள் வரும்.

இரண்டாவதாக, செடிக்கூடத்தை ஒட்டிய படிகளுக்குக் கட்டாயம் அழைத்துப் போ. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் செய்த செங்கற்களால் கட்டப்பட்ட படிகள் அவை. சில செங்கற்களில் அம்புக்குறி பதிந்திருக்கும். யார் முதலில் அம்பைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று சொன்னால் நாற்பது பிள்ளைகளும் தரையில் முட்டி போட்டுவிடுவார்கள். கண்டுபிடித்த பிறகு மட்டுமே கைதிகளைப் பற்றிச் சொல். முன்பே சொன்னால் தேடமாட்டார்கள். அதே காலத்தில் ஜப்பானிய அறிவியலாளர்களான தனகடாதேயும் கோரிபாவும் பூங்காவின் உலர்தாவரச் சேகரிப்பும் நூல்களும் சூறையாடப்படாமல் காத்தார்கள் என்பதையும், ஹோல்ட்டம், கார்னர் என்ற இரு பிரிட்டிஷ் அறிவியலாளர்களை அங்கேயே ஆய்வைத் தொடர விட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல். போரைப் பற்றிப் பாடநூலில் படிக்கும் பிள்ளைகளுக்கு, எதிரி என்ற ஒரே பெட்டிக்குள் எல்லாரையும் போட முடியாது என்பது அந்தப் படிகளில் உட்கார்ந்து கேட்கும்போது எளிதாக விளங்குகிறது. கார்னர் உயர்ந்த மரங்களிலிருந்து பூவும் காயும் பறித்துவரக் குரங்குகளைப் பழக்கி வைத்திருந்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் வேறு எதையும் சொல்ல முடியாது என்பதையும் நினைவில் வை.

ஆர்க்கிட் பற்றி எல்லாருக்கும் தெரியும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, கூட்டமும் அதிகம். நேரம் இருந்தால் போகலாம், இல்லையென்றால் பெரிய இழப்பில்லை. ஆனால் ஒன்றை மட்டும் வகுப்பறையிலேயே சொல்லிவிடு. ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது, அதற்குள் முளைக்கத் தேவையான உணவு கிடையாது. இயற்கையில் ஒரு பூஞ்சையின் துணையில்லாமல் அது முளைக்காது. ஹோல்ட்டம் 1928 முதல் கண்ணாடிக் குடுவைகளில் ஊட்டக் கூழை நிரப்பி அதில் விதைகளை முளைக்க வைத்தார், கலப்பினங்களை உருவாக்கினார். சிங்கப்பூரின் ஆர்க்கிட் தொழில் அங்கிருந்துதான் வளர்ந்தது. நம் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோவாக்கிம் அதற்கும் முன்னால், 1893இல் ரிட்லி உலகுக்கு அறிவித்த கலப்பினம். அதை உருவாக்கிய ஆக்னஸ் ஜோவாக்கிம் சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர்மீனியப் பெண்மணி. 1981இல் அது தேசிய மலராயிற்று.

இவற்றுக்கு நடுவே பிள்ளைகள் மூச்சு விடவும் இடம் வேண்டும். தெம்பூசு மரத்தடிக்குப் போகும்போது சட்டைப் பையில் ஓர் ஐந்து வெள்ளித் தாளை வைத்துக்கொள். தாளின் பின்புறத்தில் இருப்பது அதே மரம். எந்தக் கிளை படத்தில் இருக்கிறது, எங்கே நின்று பார்த்தால் படம் சரியாக வருகிறது என்று அவர்களே இடம் தேடட்டும். பூங்காவைவிட வயதான மரம் அது. சிறுவயதில் அந்தத் தாழ்ந்த கிளையில் உன்னை உட்கார வைத்து அப்பா எடுத்த படம் நம் வீட்டில் இருக்கிறது. இப்போது வேலி போட்டிருப்பதால் யாரும் ஏற முடியாது, அது நியாயமும்தான். வழியில் உடும்பு ஒன்று குறுக்கே போனால் நீ சொல்லிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு அதைப் பார்க்க விடு. உடும்போடு போட்டி போட்டு வென்ற ஆசிரியரை நான் கண்டதில்லை.

வழிகாட்டியாக வரும் தொண்டூழியரிடம் ஒரு வாரம் முன்பே பேசி, எங்கெங்கே நிற்கப் போகிறீர்கள் என்று சொல்லிவிடு. அவர்களில் பலர் ஓய்வு பெற்றவர்கள், நிறையத் தெரிந்தவர்கள். அதனாலேயே நிறுத்தத் தெரியாதவர்கள், என்னையும் சேர்த்துத்தான். ஒரு மரத்தடியில் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம் என்று நீ பணிவாகக் கேட்டுக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். முடிந்தால் ஒரு சனிக்கிழமை காலை நீ மட்டும் போய் அதே வழியில் நடந்து பார். கழிவறைகள் எங்கே, மழை வந்தால் ஒதுங்கக் கூரை எங்கே என்று குறித்துக்கொள். பிற்பகல் இடி மழைக்கு மரத்தடி ஒதுங்கிடமாகாது என்பதைப் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல். காலை எட்டரைக்குத் தொடங்கிவிட்டால் பதினொன்றுக்குள் திரும்பிவிடலாம்.

கடைசியாகப் பயிற்சித்தாள். ஒரு பள்ளியின் பிள்ளைகள் இருபத்தைந்து வினாக்களுக்கு விடை தேடி, மரத்தை ஏறிட்டும் பார்க்காமல் பெயர்ப்பலகைகளை மட்டும் எழுதிக்கொண்டு ஓடியதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். உன் பள்ளியும் உனக்கு ஒரு தாளைக் கொடுத்திருக்கும். அதை எனக்கு அனுப்பு. இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் படித்து, ஐந்து வினாக்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அடித்துத் திருப்பி அனுப்புகிறேன். துறைத்தலைவர் ஏற்க மறுத்தால், அடித்ததற்கான காரணங்களையும் ஓரத்திலேயே எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா